சூடு ஆறாத எஞ்சின்

டிக். கொஞ்சம் விட்டு, மறுபடியும் டிக்.

ஓடி வந்து நின்ற வண்டி ஆறும்போது இரும்பு அப்படித்தான் சத்தம் போடும். வேங்கிக்காலில், வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட ஷெட்டில், மெக்கானிக் மணிவேல் வருஷக்கணக்காகக் கேட்டுப் பழகிய சத்தம்தான். ஆனால் இந்த வண்டி ஓடவே இல்லையே. அடி அண்ணாமலையிலிருந்து டெம்போவில் ஏற்றி வந்து இறக்கியதோடு சரி, ஒரு தடவைகூட ஸ்டார்ட் செய்யவில்லை. பேட்டரியையே கழற்றி பெஞ்சின்மேல் வைத்திருக்கிறான். அப்புறம் எது ஆறுகிறது?

வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் சிரித்துக் கிண்டலடித்திருப்பான். எழுந்து போய் வண்டியின் பின்மூடியைத் தூக்கி எஞ்சின்மேல் கையை வைத்தான். உடனே இழுத்துக்கொண்டான். சுட்டது.

முப்பது வருஷத்துக்கும் முந்தைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் அது. சிவப்பு, இரண்டே சீட்டு, எஞ்சின் பின்னால். ரேடியேட்டர், தண்ணீர் என்று எதுவும் கிடையாது, காற்றும் ஆயிலும்தான் அதைக் குளிர வைக்கவேண்டும். ஆயில் ஒழுகுகிறது, பின் பிரேக் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது, வால்வுகள் டைப்ரைட்டர் மாதிரி தட்டுகின்றன என்று சொந்தக்காரர் இளவரசன் போனில் சொல்லியிருந்தார். இந்த ஊரில் அதில் கைவைக்கத் தெரிந்தவன் தான் ஒருத்தன்தான் என்ற திமிர் மணிவேலுக்கு நிறையவே உண்டு. அந்தத் திமிரில்தான் வண்டியை எடுக்க அவனே நேரில் போனான்.

அன்று கதவைத் திறந்தது அவருடைய அம்மா சந்திரம்மாள். வீடு முழுக்க ஊதுபத்திப் புகை, கண் எரியும் அளவுக்கு. அதற்கு அடியில் வேறொரு வாடை. எலி ஏதாவது செத்துக் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

"சார் இல்லீங்களாம்மா?"

"உள்ளதான்பா படுத்திருக்கான். நேத்து ராத்திரிலேருந்து பேசவே மாட்டேங்கிறான். என்னா கோவமோ."

சாவியை எடுத்துக் கொடுத்தாள். பாதி திறந்திருந்த உள்ளறைக் கதவு வழியே கட்டிலும் இரண்டு பாதங்களும் மட்டும் தெரிந்தன. விரல்களில் வெள்ளைத் துணி ஏதோ கட்டியிருந்தது. சுளுக்கு போல. மரியாதைக்காகக் கதவோரம் நின்று, சற்று சத்தமாகவே சொன்னான்.

"சார், வண்டிய எடுத்துக்கிறேன். போய்ட்டு வர்றேன் சார்."

உள்ளேயிருந்து பதில் வந்தது. "ம்."

அவ்வளவுதான் நடந்தது. அன்று சாயங்காலமே மகள் தென்றலுக்கு உடம்பு கொதிக்க ஆரம்பித்தது. டாக்டரிடம் காட்டியாயிற்று, ரத்தம் எடுத்துப் பார்த்தாயிற்று. எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள். நாலு நாளாகியும் காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை. இப்போது எஞ்சினில் சுட்ட கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய், கட்டிலில் சுருண்டு கிடந்த குழந்தையின் நெற்றியைத் தொட்டான். ஒன்றாம் வகுப்பு படிக்கிற, ஒரு நிமிஷம் சும்மா இருக்காத குழந்தை.

"இன்னும் கம்மி ஆகலங்க," என்றாள் மனைவி தேவிப்ரியா. "ஜாஸ்திதான் ஆவுது. விடிஞ்சதும் வேலூருக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்."

தலையை ஆட்டினான். எஞ்சினில் சுட்ட அதே சூடு. உள்ளங்கையில் அதே இடத்தில்.

ஷெட்டுக்குத் திரும்பினான். பைத்தியக்காரத்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டான். பிரேக்கை முடித்துவிட்டால் மனசு நிலைக்கு வரும் என்று தோன்றியது. கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான், கால் பெடலுக்கு எட்டவில்லை.

அவன் குள்ளம். இளவரசன் ஆறடி. வந்த அன்றே சீட்டை முன்னால் தள்ளி வைத்தான், மறுநாள் பார்த்தால் பின்னால் போயிருந்தது. சீட்டு நகரும் தடம் தேய்ந்திருக்கும் என்று அதன் பூட்டுக்குப் புது ஸ்பிரிங் போட்டான். இன்று காலைகூட இழுத்துப் பார்த்துத்தான் விட்டான், அசையவில்லை. இப்போது சீட்டு கடைசிவரை பின்னால் இருந்தது. தோலில் ஓர் ஆள் உட்கார்ந்து எழுந்த பள்ளம். ஆயில், பெட்ரோல், பழைய தோல் எல்லாவற்றையும் மீறிக்கொண்டு ஊதுபத்தி வாசனை.

போன் அடித்தது. டவுனில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் கோபி.

"ண்ணா, அந்த செவப்பு வண்டிக்கு நீங்க கேட்ட ஆயில் சீல் வந்துடுச்சு. ஆனா இனிமே யாருக்கு போடப்போறீங்க?"

"இன்னாடா சொல்ற?"

"தெரியாதா? இளவரசன் சாரு தவறிட்டாருண்ணா. இன்னிக்குத்தான் எடுத்தாங்க. நாத்தம் தாங்காம பக்கத்து வீட்டுக்காரங்க போலீசக் கூப்பிட்டிருக்காங்க. அந்தம்மா, புள்ள தூங்குறான் தூங்குறான்னே பக்கத்துல உக்காந்திருந்துச்சாம். பாவம், கால கட்டிப்போட்டு எல்லாம் முறையாத்தான் செஞ்சிருக்கு, யாருக்கும் சொல்லத்தான் இல்ல."

"எப்ப போனாராம்?"

"நீங்க வண்டிய எடுத்தீங்களே, அதுக்கு மொத நாள் ராத்திரிண்ணா."

மணிவேல் போனை வைத்துவிட்டு வண்டியைவிட்டு இறங்கிக் கதவைச் சாத்தினான். அந்தப் பாதங்கள் கண்ணுக்குள் வந்தன. சுளுக்கு இல்லை. இரண்டு பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டியிருந்தது.

சாவு வீட்டில் யாரும் 'போய்ட்டு வர்றேன்' என்று சொல்வதில்லை. சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிடவேண்டும். பச்சைப் பிள்ளைக்கும் தெரியும் இது. அவன் சொல்லியிருக்கிறான், பிணத்தைப் பார்த்து, உரக்க. அது 'ம்' என்றிருக்கிறது.

இந்த வண்டி இனி ஒரு நிமிஷம்கூட இங்கே இருக்கக்கூடாது. டெம்போக்கார சுப்பனைக் கூப்பிட்டான். எவ்வளவு வேண்டுமானாலும் கேள், இப்பவே வந்து அடி அண்ணாமலைக்குத் திருப்பி ஏற்றிப் போ என்றான்.

"பௌர்ணமிங்க இன்னிக்கு. கிரிவலப் பாதையில ஒரு வண்டி விடமாட்டாங்க. நாளைக்குப் பாக்கலாம்."

மலைப்பக்கமிருந்து ஒலிபெருக்கிச் சத்தம் காற்றில் வந்து வந்து போனது. லட்சம் பேர் அங்கே நடந்துகொண்டிருப்பார்கள். இங்கே தெருவில் ஓர் ஆளில்லை. குறைந்தபட்சம் ஷெட்டைவிட்டு ரோட்டுக்காவது தள்ளிவிடலாம் என்று பின்னால் போய் தோள் கொடுத்துத் தள்ளினான். பிடித்துக்கொண்ட பிரேக். வண்டி நகரவில்லை. மூச்சு வாங்க, எஞ்சின் மூடிமேல் நெஞ்சு படியச் சாய்ந்தான்.

அப்போதுதான் கவனித்தான்.

சத்தம் நின்றிருந்தது.

மூடியைத் தூக்கித் தொட்டான். ஜில்லென்று இருந்தது. இவ்வளவு சீக்கிரம் எந்த எஞ்சினும் ஆறாது. டிரைவர் பக்கத்துக் கதவு திறந்திருந்தது. அவன் சாத்தினானா? சாத்தினான். நன்றாக நினைவிருக்கிறது.

வீட்டுக்குள் ஓடினான்.

கூடத்தில் நாற்காலி ஒன்று வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு, வாய் வைக்காமல் முழுசாக. ஊதுபத்தி வாசனை. தேவிப்ரியாவின் முகத்தில் எத்தனையோ நாளுக்கப்புறம் சிரிப்பு இருந்தது.

"அந்த செவப்பு வண்டிக்காரரு வந்திருந்தாருங்க. நல்ல ஒசரம். 'வர்றேன்னு சொல்லிட்டுப் போனாரு, காணோம், அதான் நானே வந்துட்டேன்'னாரு."

"என்ன ஏன் கூப்பிடல?"

"கூப்பிடட்டுமான்னு கேட்டேன். வேணாம், வேலையப் பாக்கட்டும்னாரு. புள்ளைக்கு முடியலன்னு சொன்னேன். உள்ள போயி தலையத் தொட்டுப் பாத்தாரு. என்னா கை ராசியோ, காய்ச்சல் அப்படியே எறங்கிடுச்சுங்க. நல்லா தூங்குறா."

"எப்ப போனாரு?"

"இப்பத்தான். நான் காபி போட உள்ள போனேன். வந்து பாத்தா ஆளில்ல." உதட்டைப் பிதுக்கினாள். "பெரிய மனுஷன்தான், ஆனா ஒரு வார்த்த சொல்லிக்காம போயிட்டாரு."

சொல்லிக்காமல்.

மணிவேல் உள்ளே போனான். அறை. சின்ன விளக்கு. கழுத்துவரை இழுத்துப் போர்த்திய போர்வை. குழந்தை நேராக, மல்லாந்து படுத்திருந்தாள். அவள் ஒருநாளும் அப்படிப் படுத்ததில்லை.

"எழுப்பிடாதீங்க," என்றாள் தேவிப்ரியா பின்னாலிருந்து.

அவன் போர்வையின் கால்மாட்டு ஓரத்தைப் பிடித்தான். விலக்கினான்.

இரண்டு சின்னப் பாதங்கள். ஒட்டி இருந்தன. பெருவிரல் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணி. புது முடிச்சு.

பின்னால் ஷெட்டில், டிக்.