பாஞ்சாலி வெளியே

அழித்த குறி மறுபடியும் வந்திருந்தது.

டீ குடிக்கப் போவதற்கு முன்னால் தசரதன் அதைத் தன் கையால் அழித்துவிட்டுத்தான் போயிருந்தான். அவன் கொண்டுவந்திருந்த சூட்கேஸ் அளவுப் புரோகிராம் பெட்டியின் பச்சைத் திரையில், ஒரே கோட்டில் வரிசையாக மூன்று குறிகள் இருந்தன. போகும்போது இரண்டுதான் இருந்தன.

"இன்னா சார், திரும்ப வந்துட்டாளா?" முதுகுக்குப் பின்னாலிருந்து மங்கம்மாள் கேட்டாள்.

"வந்துட்டாளா இல்லம்மா. வந்துடுச்சு. அது வெறும் குறி."

"ஒங்களுக்குக் குறி. எங்களுக்கு அது பாஞ்சாலி எடம்."

ஜமுனாமரத்தூரைத் தாண்டி, புளியமரங்களுக்கு நடுவே தனியாக நின்ற கடுக்காய் மில் அது. மலையில் பொறுக்கிக் காயவைத்த கடுக்காயைத் தகரத் தொட்டியில் கொட்டி, அதன் அடியிலிருக்கும் இரண்டு இரும்பு ரோலர்களுக்கு நடுவே விட்டு நொறுக்கி, கீழே தோல் பதனிடும் ஷெட்டுகளுக்கு மூட்டை மூட்டையாக அனுப்புவார்கள். கூடத்தின் மூன்று மூலைகளில் மூன்று பட்டன்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு சிவப்பு விளக்கு. மூன்று பெண்களும் மூன்று மூலைகளுக்குப் போய் ஒன்றாக அழுத்தினால்தான் ரோலர் கிளம்பும். யாரும் தொட்டிக்குள்ளே இல்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அதைப் பார்த்துக்கொள்ளத்தான் சுவரில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி; அதன் புரோகிராமில் ஒரு பட்டனுக்கு ஒரு குறி. பெட்டி வருவதற்கு முன்னால் வாயால் பேர் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், பட்டன் வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. அழுத்தும்போது கத்துவார்கள். மங்கா வெளியே. காந்தா வெளியே. பாஞ்சாலி வெளியே.

போன அமாவாசையிலிருந்து மூன்றாவது பேர் இல்லை. அந்த மூலையில் நிற்க யாரும் வரவுமில்லை. அதனால்தான் மூன்றாவது குறியை எடுத்துவிட்டு, இரண்டே பட்டனில் ஓடும்படி செய்ய தசரதனைத் திருப்பத்தூரிலிருந்து வரவழைத்திருந்தார்கள்.

முதலாளி சிங்காரம் வாசலில் நிழலாட நின்றார். மார்கழி மூடுபனி அவர் தோளுக்குப் பின்னால் வெள்ளைச் சுவராக எழுந்து, பட்டப்பகலிலேயே கூடத்தை இருட்டாக்கியிருந்தது.

"இன்னா தசரதா, ஒரு குறிய அழிக்க ஒரு நாளா? லாரி நிக்குது."

"பேட்டரி வீக்குங்க. கரண்ட் இறங்கினா, அழிச்சது போய் சில்லுல இருக்கிற பழசு வந்துடுது."

"பேட்டரிய மாத்தித் தொலையேன்."

"மாத்திட்டேனுங்க. காலையிலேயே."

"ஒங்கம்பெனிக்கு ஒரு போன் போட்டா நாளைக்கு வேற ஆளு வருவான். நீ வூட்ல குந்திக்கலாம்." அவர் லாரிப் பக்கம் போய்விட்டார்.

தசரதன் புரோகிராம் கேசட்டைப் போட்டு முதலிலிருந்து ஏற்றினான். ஆயிரம் பூச்சிகள் ஒரு குடத்துக்குள் கத்துவதுபோல் இரைச்சல் வந்தது. முக்கால்வாசி ஏறியதும் பிழை என்று நின்றது. மறுபடி ஏற்றினான். நின்றது. நான்காம் முறை முழுதாக ஏறியது. இரண்டு குறிகள். மூச்சு விட்டான். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தான். மூன்று.

கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, பழைய புரோகிராம் இருந்த சில்லையே நகத்தால் நெம்பிப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். இப்போது அந்தப் பெட்டிக்குப் பழைய நினைவு என்று எதுவுமே கிடையாது. திரையைப் பார்த்தான்.

மூன்று.

சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். சில்லு அங்கேதான் இருந்தது.

"அவ எப்படி செத்தான்னு ஒங்களுக்கு யாராவது சொன்னாங்களா?" மங்கம்மாள் மூட்டைமேல் உட்கார்ந்து வெற்றிலையை மடித்தாள். பக்கத்தில் காந்தா, பாஞ்சாலியின் தங்கை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கவனக்குறைவுன்னாரு மொதலாளி."

"அவரு சொல்வாரு. அந்த மூணாவது பட்டன் கடுக்காத் தூசில அரிச்சுப் போச்சு. அழுத்தினா ஏறல. ஒங்களுக்கு முன்ன வந்த ஆளு பின்னால ரெண்டு ஒயரையும் சேத்து முறுக்கி, எப்பவும் அழுத்தினாப்போல ஆக்கிட்டுப் போய்ட்டான். அவ செத்தப்புறந்தான் அதப் பிரிச்சாங்க. எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல. அவ ரோலர்ல சிக்கின கல்லு எடுக்கத் தொட்டிக்குள்ள எறங்கினா. நானும் இவளும் மூட்டைய அடுக்கிட்டு நேரா வந்து அழுத்தினோம். அவ வெளிய வந்து அழுத்தினாத்தான் ஓடும்னு நம்பிக்கிட்டு. அவ பேர் சொல்றாளான்னுகூட நாங்க காத்து நிக்கல."

"அத்தே, போதும்," என்றாள் காந்தா.

"ஓடிச்சு சார். மொதல்ல ரெண்டு கை, முழங்கை வரைக்கும். அப்புறம் சடை. அப்புறம் மூஞ்சி. கத்தினா பாரு, நாங்க மெஷின் சத்தம்னு நெனச்சோம். கடுக்காயும் ரத்தமும் சேந்தா கறுத்துடும். ரோலரெல்லாம் மை ஊத்தினாப்போல. ஒடம்ப எடுத்தோம். கை ரெண்டும் கெடைக்கல. மூட்டையோட கீழ போயிருக்கும்னாரு மொதலாளி."

வாசலில் லாரி ஹாரன் நீளமாக அடித்தது.

தசரதனுக்கு ஒரே வழிதான் மிச்சம். அழியாத குறியை அழிக்க வேண்டாம். அதை ஏமாற்றலாம். மூன்றாவது பட்டன் எப்போதும் அழுந்தியே இருக்கிறது என்று பெட்டியை நம்பவைக்கலாம். அதற்கு இரண்டு விசை போதும்.

"இன்னா பண்றீங்க?"

"மூணாவது ஆள் வெளிய நிக்கிறாங்கன்னு எழுதிடறேன். அப்புறம் ஓடும்."

மங்கம்மாள் வெற்றிலையைத் துப்பினாள். "செத்தவ வெளிய நிக்கிறான்னா?"

"அது பெட்டிக்குத் தெரியாதும்மா."

"அந்த ஆளு ஒயர்ல பண்ணான். நீங்க எழுத்துல பண்றீங்க. இன்னா வித்தியாசம்?"

அவன் இரண்டு விசைகளையும் அழுத்தினான். யாரும் இல்லாத மூலையில் மூன்றாவது விளக்கு எரிந்தது.

இரண்டு பெண்களும் தங்கள் மூலைகளுக்குப் போனார்கள். "மங்கா வெளியே!" "காந்தா வெளியே!" ரோலர் உறுமிக்கொண்டு கிளம்பியது, கடுக்காய் நொறுங்கும் சத்தம் தகரக் கூரையில் மோதித் திரும்பி, நாக்கைச் சுருட்டும் அந்தத் துவர்ப்பு நெடி கூடம் முழுக்க எழுந்தது, அந்த இரைச்சலுக்கு அடியில், மூன்றாவது மூலையிலிருந்து, களைத்துப்போன ஒரு குரல் எதையோ சொன்னது.

"யாரு, நீங்களா பேர் சொன்னது?" தசரதன் மங்கம்மாளைக் கேட்டான்.

"நான் இன்னாத்துக்கு அவ பேரச் சொல்றேன்?" மங்கம்மாளின் முகம் சாம்பலாகியிருந்தது. அவளுக்கும் கேட்டிருக்கிறது.

ரோலர் திணறியது. முனகியது. நின்றது.

பட்டனை விட்டுவிட்டுக் காந்தா பழக்கதோஷத்தில் ஏணியை நோக்கி நடந்தாள். சிக்கியதை எடுப்பது இப்போது அவள் வேலை. தசரதன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"நீ எறங்காத. நான் போறேன்."

"ஒங்களுக்குப் பழக்கமில்ல சார்."

"சொன்னா கேளு. ரெண்டு பேரும் வாசல்ல போய் நில்லுங்க. பட்டன் பக்கமே வரக்கூடாது."

அவன் முட்டாளில்லை. மெயின் ஃப்யூஸைப் பிடுங்கி உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டான். முதல் விளக்கு அணைந்திருந்தது. இரண்டாவதும். மூன்றாவதைப் பார்க்காமல் ஏணியில் ஏறி, வாய் அகன்ற தகரத் தொட்டிக்குள் இறங்கினான்.

உள்ளே இருட்டு. ஈரம். கழுவியும் போகாத கறுப்பு தகரத்தில் வழிந்து காய்ந்திருந்தது. காலடியில் இரண்டு ரோலர்களும் வாயை மூடிக்கொண்டிருக்க, அவற்றின் நடுவே ஏதோ மாட்டியிருந்தது. கல் இல்லை. மெத்தென்று. குனிந்து இழுத்தான். கொஞ்சம் வந்தது. இன்னும் இழுத்தான். இன்னும் வந்தது. ஈரமாக, கனமாக, முழம் முழமாக.

சடை.

நுனியில் சிவப்பு ரிப்பன். அதில் வெதுவெதுப்பு இருந்தது.

கையை உதறினான். சடை விரல்களில் சுற்றிக்கொண்டிருந்தது.

"மங்கா வெளியே."

யாரோ நிதானமாகச் சொன்னார்கள். தொட்டியின் பக்கவாட்டில் உள்ளே பார்ப்பதற்காக வெட்டிய சதுர ஓட்டையில் கண்ணை வைத்தான். மங்கம்மாள் தூரத்தில், வாசலில்தான் நின்றாள். இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு.

முதல் விளக்கு எரிந்தது.

அதன் கீழே, பட்டன்மேல் ஒரு கை. கறுப்பாக. முழங்கை வரை. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

"காந்தா வெளியே."

காந்தா வாசற்படியில் மடிந்து விழுந்து கிடந்தாள். இரண்டாவது விளக்கு எரிந்தது. இரண்டாவது கை. கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டின் சதைக்குள் புதைந்திருந்தன.

மூன்றாவது பட்டனுக்கு அவளிடம் கை இல்லை. தேவையுமில்லை. அதை அவனே அழுத்திக் கொடுத்திருந்தான்.

"தம்பி, ஏறு! ஏறிடு தம்பி!" மங்கம்மாள் அலறினாள்.

ஏணிக்குத் தாவினான். சடை இழுத்தது. மணிக்கட்டை அறுத்துக்கொண்டு, கீழே, ரோலரை நோக்கி.

"பாஞ்சாலி வெளியே."

குரல் அவன் காதோரத்தில் இருந்தது.

பிறகு ஒரு நொடி அமைதி. பேர் சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் சொல்லி முடித்துவிட்டார்கள். அவன் எழுதிய கோட்டில் நான்காவது குறி கிடையாது. சிக்கியதை எடுக்க இறங்குகிறவனுக்கென்று அந்தக் கூடத்தில் ஒரு பட்டன் கிடையாது.

"உள்ள இருக்கேன்!" என்று கத்தினான். "தசரதன் உள்ள!"

ரோலர் சுழன்றது.

ஃப்யூஸைப் பிடித்திருந்த கைதான் முதலில் போனது. எலும்பு நொறுங்கும் சத்தம் கடுக்காய் நொறுங்கும் சத்தமாகவே இருந்தது. அந்தச் சதுர ஓட்டை வழியே, மூன்று விளக்குகள் எரிவதும், இரண்டு பட்டன்களையும் அந்தக் கைகள் நகம் வெளுக்க அழுத்திக்கொண்டிருப்பதும், அவன் கண்கள் ரோலருக்குப் போகும்வரை தெரிந்துகொண்டே இருந்தன.