யாரும் மிதிக்காத பிரேக்

யார் காலும் படாமலே பிரேக்கின் சிவப்புக் கோடு திரையில் ஏறியது. ஸம்ரி சீட்டில்தான் சாய்ந்திருந்தான், ஆனால் இரண்டு கால்களையும் மடக்கி மேலே வைத்திருந்தான். கையுறைத் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த கால்கள். ரப்பர் பால் வாடை இன்னும் போகவில்லை. கோடு இறங்கியது. மறுபடி ஏறியது.

"சனியன் பிடிச்ச லோட்செல்" என்று முனகிவிட்டுக் கண்ணை மூடினான்.

இரவு வேலைக்காரனுக்குப் பகல்தான் ராத்திரி. செனவாங் வீட்டின் பின்னறை ஜன்னலில் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, வேன் சீட்டு, ஒட்டுப்பலகை, இரும்புச் சட்டம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, எட்டு மாதமாக ஒரு ரேஸ் காரைக் கட்டியிருந்தான். திரையில் மட்டும் ஓடுகிற கார். பெடல்கள் மட்டும் நிஜமாக இருக்க வேண்டும் என்று, அடிபட்ட கார்களை அறுத்து விற்கும் பொத்தோங் கடையில் ஒரு செட் வாங்கி, பலகையில் போல்ட் போட்டு, மிதிக்கும் கனத்தை அளக்கும் லோட்செல்லை பிரேக்குக்குப் பின்னால் வைத்தான். கால் ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வளைவிலும் பிந்திப்போனான்.

அங்கேதான் அந்தக் கிறுக்குத்தனத்தைச் செய்தான். பதினொரு வருடமாகத் தன் கால் பழகிய பெடல் எது? வீட்டுக் காரில் இருப்பது. அதைக் கழற்றி இங்கே மாட்டினான். பொத்தோங் கடைப் பெடலை வீட்டுக் காரில் மாட்டினான். அந்தக் காரில்தான் அவன் மனைவி ரொஸ்னானி தினமும் நீலாயில் உள்ள கிளினிக்குக்கு வேலைக்குப் போகிறாள்.

"என்ன பாங் இது? நம்ம பெடலை விளையாட்டுக்கு எடுத்துக்கிட்டு, எவன் பெடலையோ எனக்கு மாட்டி விட்டிருக்கீங்க?"

"பெடல்னா பெடல்தான் நானி. உன் காலு என்ன, மோந்தா பாக்குது?"

"விட்டா நாளைக்கு என் தலையையும் கழட்டி வேற மாட்டுவீங்க" என்று சிரித்துக்கொண்டே சாவியை எடுத்தாள்.

இப்படிக் கோடு அலைபாய்ந்தால், இந்த மாதிரி ரேஸ் கார் கட்டுகிறவர்கள் எல்லாரும் ஒன்றுதான் செய்வார்கள். பத்து விழுக்காட்டுக்குக் கீழே வருவதைக் கண்டுகொள்ளாதே என்று கணினியிடம் சொல்லிவிடுவார்கள். இவனும் சொன்னான். மறுநாள் காலை கோடு முப்பதைத் தொட்டது. நாற்பது என்று மாற்றினான். எழுபதைத் தொட்டது. எரிச்சலில் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டு, வேலை முடிந்து வந்த அசதியோடு, ஆறிப்போன தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே உட்கார்ந்தான். ஏழு இருபத்தைந்துக்கு இரண்டு சின்ன ஏற்றம். கொஞ்ச நேரம் சும்மா. பிறகு ஒரு நீண்ட மிதி, அப்படியே நின்றது. ரொஸ்னானி வேலைக்குக் கிளம்பிப்போகும் நேரம் அது. போனை எடுத்தான்.

"நானி, இப்ப எங்க இருக்க?"

"சிக்னல்ல. என்ன பாங், இன்னும் தூங்கலியா? இருங்க, பச்சை விழுந்திருச்சு."

கோடு பூஜ்யத்துக்கு இறங்கியது.

பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை, அதுதான் கொடுமை. உடம்பு அசந்தவனுக்கு எந்த ஆறுதலும் ஆறுதல்தான். அவள் வேகத்தடையில் மெதுவாகிறாள், டோலில் நிற்கிறாள், கிளினிக் வாசலில் நிறுத்துகிறாள். கடைசி மிதி இறங்கியதும் 'போய்ச் சேர்ந்துட்டா' என்று அந்த சீட்டிலேயே தூங்கிப்போவான். இரண்டு வாரம் இப்படியே போனது.

வியாழக்கிழமை ரொஸ்னானிக்குக் காய்ச்சல். பக்கத்து அறையில் போர்த்திப் படுத்திருந்தாள். அவள் மூச்சு இவனுக்குக் கேட்டது. பின்னறையில் மின்விசிறி டக்டக்கென்று சுற்றியது, கறுப்புத் துணியின் ஓரத்தில் வெயில் கோடாக எரிந்தது, எங்கிருந்தோ சூடேறிய ரப்பர் கருகும் நெடி மெல்ல வந்து மூக்கில் ஏறியது. எட்டு மணிக்குச் சிவப்புக் கோடு நூறுக்குத் தாவியது. விட்டது. நூறு. விட்டது. நூறு. விட்டது. நூறு. நான்காவது மிதி இறங்கவில்லை.

முன்வாசலுக்கு ஓடினான். போர்ச்சில் கார் பூட்டியபடி நின்றது. உள்ளே யாரும் இல்லை. பின்விளக்குகள் இரண்டும் சிவப்பாக எரிந்தன.

திரும்பி வந்து உட்கார்ந்து பார்த்தான். நூறு, தொண்ணூற்றாறு, தொண்ணூறு என்று கோடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. நடுவில் ஒருமுறை தவித்து ஏறியது. பிறகு இறக்கம்தான். பூஜ்யத்துக்கு வர நாற்பத்தொரு நிமிடம் ஆனது. வாசலில் விளக்கு அணைந்திருந்தது.

பொத்தோங் கடை முதலாளியான தவுக்கேயைப் போனில் பிடித்தான்.

"அந்தப் பெடல் எந்தக் காருது, தவுக்கே?"

"ஏன்லா, உடைஞ்சு போச்சா?"

"சும்மா சொல்லுங்க."

"லாரிக்கு அடியில போன காரு. ஒரு பொம்பளை. வெட்டி எடுக்க முக்கால் மணி நேரம் ஆச்சாம். கடைசி வரைக்கும் காலை பிரேக்லேருந்து எடுக்கலியாம். உனக்கு எதுக்கு இதெல்லாம்?"

அன்றே கழற்றியிருக்கலாம். கண் எரிந்தது, தூங்கி எழுந்து இரவு ஷிஃப்டுக்குப் போக வேண்டியிருந்தது. விடிந்ததும் முதல் வேலை இதுதான் என்று, காய்ச்சலில் தூங்கியவளை எழுப்பிச் சொல்லாமல், கார்ச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினான். அந்த இரவு முழுக்க, இயந்திரத்தில் விரல் விரித்து வரிசையாக வந்த கையுறைகளைப் பார்க்கவே அவனுக்குப் பிடிக்கவில்லை.

காலை ஏழே முக்காலுக்குத் திரும்பினான். போர்ச் காலியாக இருந்தது.

அலமாரியில் மாற்றுச் சாவி ஒன்று இருந்ததை மறந்துவிட்டிருந்தான். பாவி.

பின்னறைக்குள் பாய்ந்து திரையைப் போட்டான். கோடு சாதாரணமாக ஏறி இறங்கியது. அவளுக்குப் போன் போட்டான். எடுத்தாள்.

"காய்ச்சல் விட்டிருச்சு பாங். கிளினிக்ல ஆள் இல்லைன்னு கூப்பிட்டாங்க, நீங்க போய்..."

"நானி, வண்டியை ஓரங்கட்டு. உடனே."

"நெடுஞ்சாலையில இருக்கேன், எப்படி? முன்னால லாரி வேற. என்ன ஆச்சு உங்களுக்கு?"

"மெதுவா ஓரத்துக்கு வா. கெஞ்சிக் கேக்கறேன்டி."

"சரி, சரி, கத்தாதீங்க. வரேன். அட... பாங், பெடல் தானா உள்ள போவுது. நான் இன்னும் மிதிக்கவே..."

நூறு.

விட்டது.

"பிடிக்கல, பாங்! பிரேக் பிடிக்கல!"

நூறு. விட்டது. நூறு. விட்டது.

நூறு.

போன் அறுபடவில்லை. காற்று இரைந்தது. எதுவோ சொட்டியது. "நானி! நானி!" என்று கத்தினான். மேசையில் கிடந்த பழைய போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். எத்தனையாவது கிலோமீட்டர் என்று கேட்டார்கள். தெரியவில்லை. நீலாய் போகும் வழி, லாரிக்கு அடியில், சீக்கிரம், சீக்கிரம் என்று அழுதான்.

தொண்ணூற்றைந்து.

பலகை முன் மண்டியிட்டு, பிரேக்கை இரண்டு கைகளாலும் அழுத்தினான், கோடு இறங்கக் கூடாது என்று. ஒரு கையாவது அங்கே இருக்கட்டும் என்று.

அவன் புறங்கை மேல் ஒரு பாதம் இருந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் குதிகாலின் சூடு தெரிந்தது. ஐந்து விரல்களும் தனித்தனியாகத் தெரிந்தன. ரொஸ்னானியின் பாதம். பதினொரு வருடம் அவன் பிடித்துவிட்ட பாதம்.

விரல்கள் அவன் கையை ஒருமுறை இறுக்கின. அவன் கைதான் என்று தெரிந்துகொண்டாள்.

அவன் கையை எடுக்கவில்லை. எடுக்க மாட்டான். எண்பத்தொன்று. எழுபத்தாறு. கையின் மேல் இருந்த கனம் குறைந்துகொண்டே வந்தது.