பழைய தண்ணீர்

அன்று மாலை கடையிலிருந்து திரும்பியவள் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தபோது, மீன் தொட்டியின் தண்ணீர் வழியே, பின்னறை நாற்காலியில் கணவன் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. "டீ போடட்டுமா?" என்று கேட்டாள்.

"போட்டாச்சு. உனக்கும் ஊத்தி வெச்சிருக்கேன்" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். கணவன் இரண்டு டம்ளர்களோடு வந்துகொண்டிருந்தான். மறுபடி தொட்டியைப் பார்த்தாள். மஞ்சள் மீன் ஒன்று குறுக்கே போனது. அது போன பிறகு நாற்காலி காலியாக இருந்தது.

கூடத்துக்கும் பின்னறைக்கும் நடுவிலிருந்த சுவரை வெட்டி அந்தத் தொட்டியைப் பொருத்தியிருந்தார்கள். ஒரு ஆள் தாராளமாகக் கால் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு நீளம். கீழே இடுப்பு உயரத்துக்கு மரப்பெட்டி, அதற்குள் பம்பும் வடிகட்டியும், மேலே இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்த தொட்டி. கூடத்தில் நின்றால் உப்புத் தண்ணீரையும் பாறைகளையும் மீன்களையும் தாண்டிப் பின்னறை தெரியும். பகலெல்லாம் வெள்ளையாக எரியும் விளக்கு அந்தி சாய்ந்ததும் தானாக நீலமாக மாறும். வீடே கடலுக்கடியில் போய்விட்ட மாதிரி இருக்கும். கல்யாணமான புதிதில் வீட்டுக்கு வந்த உறவுக்காரர்கள், மீனுக்கு மாளிகை கட்டிவிட்டுப் புதுப் பெண்டாட்டிக்கு ஒரு பீரோ வாங்கவில்லையே என்று அவனைக் கேலி செய்தார்கள்.

அவளுக்கு வேலை மூக்குக் கண்ணாடிக் கடையில். லென்ஸ்களைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவாள், வருகிறவர்களின் பார்வையைச் சோதிப்பாள். தண்ணீரும் கண்ணாடியும் சேர்ந்தால் வெளிச்சம் என்னென்ன தில்லுமுல்லு பண்ணும் என்று அவளுக்குத் தெரியும். சமையலறையில் இருந்தவனின் பிம்பம் எங்கோ பட்டு எங்கோ தெரிந்திருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டாள். நின்றுகொண்டு டீ ஊற்றுகிறவன் உட்கார்ந்த மாதிரி எப்படித் தெரிவான் என்பது, டீயைக் குடித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

"தொட்டியை மொத்தமா பிரிச்சு, புதுசா பண்ணிடலாம்னு இருக்கேன்" என்றான் அவன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடி மூலைகளில் கறுப்புப் பசை உரிந்து தொங்குகிறது, மரப்பெட்டி முழுக்க உப்புப் பூத்துக் கிடக்கிறது, பம்ப் இரைகிறது என்று அவள் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். கையை வைத்தால் மீனெல்லாம் செத்துப்போகும் என்று ஒவ்வொரு தடவையும் தட்டிக்கழித்தவன் அவன். இப்போது பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் படமே வரைந்து வைத்திருந்தான். புது மணல், புது பம்ப், பாறைகளைப் பாதியாகக் குறைப்பது, குழாய்களை எந்தப் பக்கமாகத் திருப்புவது என்று எல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடிப்பொடி எழுத்தில்.

அந்த எழுத்தைப் பார்த்தபோதுதான் அவன் மூக்கைக் கவனித்தாள்.

"கண்ணாடி எங்கேங்க?"

"உடைஞ்சுபோச்சு. கான்டாக்ட் லென்ஸ் போட்டிருக்கேன்."

"எந்தக் கடையில?"

"வேற கடையில."

அவன் பவர் அவளுக்கு மனப்பாடம். கண்ணாடி இல்லாவிட்டால் கதவில் தொங்கும் குடையைப் பார்த்து "எப்ப வந்தே?" என்று கேட்கிற ஆள். கல்யாணமான நாளிலிருந்து அவனுக்கு அவள்தான் கண்ணாடி செய்து கொடுத்தாள். அதற்காகவே அவளை 'டாக்டரம்மா' என்று கூப்பிடுவான். அவன் அப்படிக் கூப்பிட்டுக் கொஞ்ச நாளாயிற்று என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை ஜன்னலோரம் வெயிலில் அவன் நின்றபோது, கன்னத்தில் ஏதோ ஒட்டியிருப்பதைத் துடைக்கிற சாக்கில் நெருங்கினாள். கண்ணில் லென்ஸ் இருந்தால் பக்கவாட்டில் பார்க்கும்போது வெள்ளை விழியில் மெல்லிய வட்டமாக விளிம்பு தெரியும். எத்தனையோ கண்களில் பார்த்திருக்கிறாள். இவன் கண்ணில் எதுவும் இல்லை. கழுவிய கூழாங்கல் மாதிரி சுத்தமாக இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அது இமைக்கவுமில்லை.

"என்ன தேடறே?"

"இமை முடி ஒண்ணு விழுந்திருந்தது."

அவன்மேல் சோப்பு வாசனை இல்லை. நிழலில் உலர்ந்த பாசியின் வாசனை.

அக்காவுக்குப் போன் செய்தாள். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "புருஷன் கண்ணாடியைக் கழட்டினா வயசு குறைச்சுக்கப் பார்க்கறார்னு அர்த்தம். எதுக்கும் அவர் போனை ஒரு தடவை பாரு."

அவன் போனில் ஒன்றும் இல்லை. உண்மையில் ஒன்றுமே இல்லை. சில வாரங்களாக அவன் யாரையும் கூப்பிடவுமில்லை, வந்த அழைப்பை எடுக்கவுமில்லை. அவள் பின்னோக்கி யோசித்தாள். ஒரு சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது கூடம் முழுக்க ஈரம். தொட்டியின் மூடி திறந்திருந்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்ட அவன் முக்காலியின்மேல் நின்றுகொண்டிருந்தான். அன்று மூக்கில் கண்ணாடி இருந்ததா என்று அவளுக்கு நினைவில்லை. பாறை சரிந்துவிட்டது, உள்ளே குனிந்து எடுத்து வைத்தேன் என்றான். பாறையை எடுக்கப் போனீர்களா, குளிக்கப் போனீர்களா என்று கேட்டு அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான், அது எப்படிச் செய்யப்படுகிறது என்று கற்றுக்கொள்கிறவன் போல.

அதற்குப் பிறகுதான் மீன்களும் மாறியிருந்தன. அவன் விரலில் வந்து கொத்தித் தின்று பழகியவை, அவன் கூடத்துக்குள் வந்தாலே பாறை இடுக்கில் போய் ஒண்டிக்கொண்டன.

வேலையைப் பேசி முடிக்கத் தொட்டிக்காரர் வந்தார். தொட்டியை ஆரம்பத்தில் பொருத்திக் கொடுத்தவர் அவர்தான். வாய் ஓயாத மனிதர். ஒவ்வொரு மூலையாகத் தட்டிப் பார்த்து, மீன்களையும் பாறைகளையும் வேலை முடியும்வரை தன் கடைக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். "பாதித் தண்ணியைப் பீப்பாய்ல பிடிச்சு வெச்சுக்கலாம் சார். வேலை முடிஞ்சதும் அதையே ஊத்திட்டா மீனுக்கு வித்தியாசம் தெரியாது."

"வேண்டாம். புதுத் தண்ணி ஊத்திக்கலாம்."

"மீனுக்கு வீடுதானே சார் மாத்தறோம், நாட்டையே மாத்தற மாதிரி சொல்றீங்களே."

"பழைய தண்ணி ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது" என்றான் அவன். குரல் உயரவில்லை. ஆனால் தொட்டிக்காரர் அதற்குப் பிறகு ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

தொட்டியின் அகலத்தை அளக்க, அவர் கேட்டபடி கணவன் பின்னறைக்குப் போய் அளவு டேப்பின் ஒரு நுனியைப் பிடித்தான். அவள் கூடத்தில் மறுநுனியைப் பிடித்தாள். தொட்டியின் மேல் விளிம்புக்கும் தண்ணீர் மட்டத்துக்கும் நடுவே ஒரு கையகலத்துக்கு வெறும் கண்ணாடி. அதன் வழியே கணவனின் விரல்களும் டேப்பும் தெரிந்தன. அவள் பார்வை கொஞ்சம் கீழே இறங்கியது.

விரல்களுக்குக் கீழே மணிக்கட்டு இல்லை. கை இல்லை. சட்டை இல்லை. தண்ணீர் மட்டத்தோடு அவன் முடிந்துபோயிருந்தான்.

தண்ணீருக்குள் தெரிந்த பின்னறையில், நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். அதே முகம். மூக்கில் அவள் தேய்த்துக் கொடுத்த கண்ணாடி. இளைத்திருந்தான், தாடி வளர்ந்திருந்தது. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மெல்ல எழுந்து வந்து இரண்டு உள்ளங்கைகளையும் தொட்டிக் கண்ணாடியில் பதித்தான்.

"அளவு என்னக்கா?" என்றார் தொட்டிக்காரர்.

அவளுக்கு எண் படிக்க வரவில்லை. டேப்பை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். ஒருவேளை கண்ணில்தான் கோளாறா. மறுநாள் கடையில் தன்னைத்தானே சோதித்துப் பார்த்தாள். கடைசி வரிவரை தடங்கலில்லாமல் படிக்க முடிந்தது.

மீன்களைப் பிடிக்க வந்த அன்று, கணவன் வாசலில் வண்டியருகே நின்ற சமயம் பார்த்து, தொட்டிக்காரரிடம் கிசுகிசுத்தாள். "ஒரு பீப்பாய் பழைய தண்ணி பிடிச்சுக் குளியலறையில வெச்சுடுங்க. அவருக்குத் தெரிய வேண்டாம்." அவர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். பிடித்து, இறுக்கமாக மூடி வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் பீப்பாய் காலியாக இருந்தது. தரையில் ஈரமில்லை. கொட்டியிருந்தால் உள்ளே உப்புக்கோடாவது மிஞ்சும். விரலை விட்டுத் தடவினாள். நக்கித் துடைத்த பாத்திரம் மாதிரி இருந்தது.

அவள் குளியலறையிலேயே நின்றிருந்தபோது கூடத்தில் பம்ப் ஓடத் தொடங்கியது.

வெளியே மழை. வானம் இருண்டு, பகல் அந்திபோல் ஆகியிருந்தது. கணவன் உள்ளிருப்பது தெரிகிற பிளாஸ்டிக் குழாய் ஒன்றைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை ஜன்னல் வழியே வெளியே விட்டிருந்தான். வளைந்து கொடுக்கிற அந்தக் குழாயில் பழுப்புத் தண்ணீர் ஓடுவது தெரிந்தது. மீனும் பாறையும் மணலும் போய், தொட்டியில் தண்ணீர் மட்டும்தான் மிச்சம். அதுவும் இறங்கிக்கொண்டிருந்தது.

தண்ணீருக்கு அப்பால், கண்ணாடியும் தாடியுமாக மற்றவன் நின்றிருந்தான். கழுத்துவரை இருந்தான். கழுத்துக்குமேல், தண்ணீர் இறங்கிவிட்ட இடத்தில், பின்னறைச் சுவரும் ஆணியும் தெரிந்தன. அவன் முழங்காலை மடக்கினான். முகம் தண்ணீருக்குள் வந்தது.

அவள் பின்னறைக்கு ஓடினாள். நாற்காலி. தூசி. யாருமில்லை. கையை நீட்டித் துழாவினாள், காற்றுதான் பட்டது. திரும்பிக் கூடத்துக்கு ஓடி வந்தாள். அதற்குள் தண்ணீர் பாதிக்கு வந்திருந்தது. அவன் மண்டியிட்டிருந்தான்.

தண்ணீர் இறங்கியது. நெற்றி போயிற்று. அவன் இன்னும் குனிந்தான். மறுபடி இறங்கியது. மறுபடி குனிந்தான். கண்ணாடியைக் கழற்றி எறிந்தான்.

அவள் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

பம்ப் நின்றது. மழைச் சத்தம் மட்டும்.

"ஏன் நிறுத்தினே?" என்றான் ஜன்னலருகே நின்றவன்.

"போதுங்க. மீதி இருக்கட்டும்."

"கொஞ்சம்தானே இருக்கு" என்றான், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. கோபமே இல்லை. ஈரத் தரையில் அவன் காலடிச் சத்தம் அவள் பின்னால் வந்து நின்றது. அவள் திரும்பவில்லை. தொட்டியிலிருந்து கண்ணை எடுத்தால் உள்ளே இருப்பவன் போய்விடுவான் என்று தோன்றியது.

அடியில் நான்கு விரல் தண்ணீர். அதற்குள் அடங்க, அவன் தலையைச் சாய்த்துக் கன்னத்தைத் தொட்டியின் அடிவிளிம்பில் வைத்துச் சாய்ந்திருந்தான். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கண்கள். பக்கத்தில் வாய். வாய் அசைந்தது. உதடு ஒட்டி, பிரிந்து, குவிந்தது. மறுபடியும். ஒட்டி, குவிந்தது.

போ.

அவள் காதோரம் ஏதோ உரசியது. குழாய். பின்னால் நின்றவன் அதன் மறுமுனையை ஜன்னலிலிருந்து உள்ளே இழுத்திருக்கிறான். அவள் தோளுக்குமேல் அது தொட்டிக்குள் இறங்கியிருந்தது. பிளக் அவள் கையில்தான் இருந்தது. ஆனாலும் குழாயில் தண்ணீர் ஏறியது. கன்னத்துக்குப் பக்கத்திலேயே ஏறியது. அவள் கண் அதைத் தொடர்ந்து போயிற்று, தோளைத் தாண்டி, பின்னால்.

குழாயின் நுனி அவன் வாயில் இருந்தது. இமைக்காமல் அவளைப் பார்த்தபடி விழுங்கிக்கொண்டிருந்தான். தொண்டை ஏறி இறங்கியது. மடக். மூச்சு வாங்கவே இல்லை. மடக்.

அவள் தொட்டியைப் பார்த்தாள். மூன்று விரல். மேல் கண் போய்விட்டது. இரண்டு விரல். வாயில் பாதி போய்விட்டது. மீதிப் பாதி திறந்தே இருந்தது.

மடக்.

ஒரு விரல்.

மடக்.

நூல் மாதிரி ஒரு கோடு தண்ணீர். அதற்குள் ஒரு கண். அது அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் நிற்பதைப் பார்த்தது. விரிந்தது.

மடக்.