நொடிக்குப் பதினொரு படம்

சபா ஓட்டிய கார் மூன்றாம் முறையாகச் சுவரில் மோதியது.

"பிரேக் போட்டேனே!" என்று கத்தினாள்.

போட்டது உண்மைதான். ஆனால், வளைவு வந்ததைத் திரை காட்டுவதற்குள் சுவரே வந்துவிட்டது. அவ்வளவு பழைய கம்ப்யூட்டர். மூலையில் 11 என்ற எண் மின்னியது. நொடிக்குப் பதினொரு படம். குறைந்தது முப்பது இருந்தால்தான் கார் ஓடும். இல்லையென்றால் தவளை மாதிரி தாவும்.

மணி நாலேகால். பள்ளியின் கம்ப்யூட்டர் விளையாட்டு அணியில் ஒரே ஓர் இடம்தான் பாக்கி. ஐந்து மணிக்குள் யார் வேகமாக மூன்று சுற்றுப் பந்தயத்தை முடித்து, அந்த நேரத்தைச் செழியன் சாருக்கு அனுப்புகிறார்களோ அவர்களுக்குத்தான் அது.

போன் அடித்தது. வகுப்புத் தோழன் இளவரசன்.

"என்ன சபா, வண்டி பஞ்சரா? நான் ஒரு நிமிஷம் அம்பத்தெட்டு செகண்ட். பேசாம நீ கைதட்ட வந்துடு!"

சபா போனை வைத்தாள். அவள் துணிக்கடைக்காரர் மகள். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. விளையாட்டின் செட்டிங்ஸைத் திறந்து பேரத்தைத் தொடங்கினாள்.

"நிழல் எதுக்கு? வெயில்லயா நிக்கப் போறோம்?" அணைத்தாள். எண் 15 ஆனது.

"கைதட்டுற கூட்டம்?" என்றான் தம்பி சமீர்.

"எல்லாரும் வீட்டுக்குப் போகட்டும்." 19.

"மரம்?"

"வெட்டு." 23.

படத்தின் அளவையும் குறைத்தாள். கொஞ்சம் மங்கியது. 34!

"செம கம்மில முடிச்சிட்டக்கா!"

கார் பறந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாம் சுற்றில் எண் சரிந்தது. 25, 16, 10. சுவர்.

சபா கடிகாரத்தைப் பார்த்தாள். நகத்தைக் கடித்தாள். மணி நாலு நாற்பது.

"முதல்ல நல்லா ஓடுது. கொஞ்ச நேரத்துல படுத்துடுது. ஏன்டா?"

"பெரியம்மா பொண்ணு மெஹ்விஷ் அக்கா கல்யாணத்துல நானும் அப்படித்தான்," என்றான் சமீர். "அந்தக் கனமான ஷெர்வானிக் கோட்டைப் போட்டுட்டு ஓடினேனா? சூடு தாங்காம பிரியாணி வர்றதுக்குள்ள படுத்துட்டேன்."

சபா திரும்பி கம்ப்யூட்டர் பெட்டியைப் பார்த்தாள்.

கடையில் மிஞ்சும் துணியில் அம்மா மெஹ்ருன்னிசா எல்லாவற்றுக்கும் உறை தைத்துவிடுவார். மிக்ஸிக்கு ஒன்று, தண்ணீர் கேனுக்கு ஒன்று. கம்ப்யூட்டர் பெட்டிக்கு ஊதா வெல்வெட், உள்ளே பஞ்சு, சுற்றிலும் தங்க நிற லேஸ், பின்னால் முடிச்சு.

முடிச்சில் கை வைத்தாள்.

"கழட்டிடுவியா?" அம்மா சமையலறையிலிருந்து வந்துவிட்டார். "மூணு நாள் உக்காந்து தைச்சேன்! கிரிவலத்துக்குப் போற வண்டிங்க கிளப்புற தூசி பூரா உள்ள போயிடும்."

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. இழுத்துப் போட்டிருக்கலாம். ஆனால் அம்மாவின் முகம் வாடியிருந்தது. சபா அவர் கையைப் பிடித்து வெல்வெட்டுக்குள் விட்டாள்.

"ஐயோ! தோசைக்கல்லாட்டம் இருக்கு!"

"காத்து போற ஓட்டையெல்லாம் மூடியிருக்கும்மா. ஓடுறப்ப கழட்டிடலாம். அணைச்சப்புறம் நானே போத்திடறேன்."

அம்மா யோசித்தார். "பின்பக்கம் மட்டும் தூக்கிக்கோ."

"முழுசாம்மா."

"லேஸாவது இருக்கட்டும்."

"லேஸுக்குச் சரி."

அம்மா லேஸைப் பிரித்தெடுத்து, ஓட்டைகளை மறைக்காமல் பெட்டிக்கு இடுப்பில் ஒரு சுற்றுக் கட்டினார். சமீர் பரீட்சை அட்டையால் விசிறினான்.

மணி நாலு ஐம்பத்து மூன்று. சபா தொடங்கினாள். முதல் சுற்றில் 34. இரண்டாவதில் 34. மூன்றாவதில் 35! கடைசி வளைவில் சரியான நேரத்தில் பிரேக்.

ஒரு நிமிடம் ஐம்பத்தாறு நொடி!

திரையைப் படம் பிடித்து அனுப்பினாள். மூவரும் போனையே முறைத்தார்கள். ஐந்தடித்ததும் சாரிடமிருந்து பதில் வந்தது.

'இடம் சபாவுக்கு. திங்கள்கிழமை பயிற்சிக்கு வா.'

சமீர் கட்டில் மேல் குதித்தான். அம்மா மெதுவாக நாற்காலியை இழுத்தார்.

"நகருடி. நானும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கறேன்."

முதல் வளைவிலேயே சுவரில் மோதினார்.

"பாத்தியா," என்றார் அம்மா, "கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கு."