நிறுத்திய என்ஜினில் நாற்பது பவுண்டு

என்ஜின் நின்றுவிட்டது, ஆனால் முள் இறங்கவில்லை.

ஜோசஃபின்தான் அதை முதலில் பார்த்தாள். டிபன் கேரியரில் சோறும் கருவாட்டுக் குழம்பும் எடுத்துக்கொண்டு, அல்சூர் ஏரிக்கரையில் இருந்த தகரக் கொட்டகைக்குள் அவள் நனைந்தபடி நுழைந்தபோது, அண்ணன் நோயல் மோட்டார் படகுக்குள் குனிந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். கொட்டகையில் பாதி தரை, பாதி தண்ணீர். படகு அந்தத் தண்ணீரில் கட்டிக் கிடந்தது. அழுகிய ஆகாயத்தாமரையின் வாடையும், டீசல் நெடியும், நனைந்த சாக்கின் நாற்றமும் ஒன்றாகக் கலந்து அவள் தொண்டைக்குள் இறங்கின.

வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் கோவிந்தப்பா அவளைப் பார்த்துச் சிரித்து, தன் கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்.

"வந்துட்டியா மகளே? உங்கண்ணன் அந்த இஞ்சினைக் கட்டிக்கப் போறான்போல. மத்தியானத்திலேருந்து அது மடியிலேயே கிடக்கறான். மளே ஜாஸ்தி ஆகறதுக்கு முன்னாடி கூட்டிட்டுப் போ. நான் காபி குடிச்சிட்டு வந்துடறேன்."

குடையை விரித்துக்கொண்டு அவர் மழைக்குள் போனார். இன்னும் பொழுது சாயவில்லை, ஆனால் ஏரிக்கு மேல் மேகம் இறங்கிக் கொட்டகையின் மூலைகளை முன்கூட்டியே இருட்டாக்கியிருந்தது.

"அண்ணே, இஞ்சின் ஓடுதா?"

"காது செவுடாடி உனக்கு? நின்னு எவ்ளோ நேரமாச்சு."

"அப்ப இந்த முள்ளு ஏன் நாப்பதுல நிக்குது?"

நோயல் திரும்பிப் பார்த்தான். ஆயில் பிரஷர் மீட்டர். என்ஜின் ஓடும்போது உள்ளே எண்ணெய் எத்தனை பவுண்டு அழுத்தத்தில் ஓடுகிறது என்று காட்டுவது. என்ஜின் நின்றால் முள் பூஜ்யத்துக்கு வந்தாக வேண்டும்.

"பாருடா, மேஸ்திரியம்மா வந்துட்டாங்க," என்றான். "யூனிட் போயிருக்கும். அதான் கோளாறு."

யூனிட் என்பது என்ஜினின் பக்கவாட்டில் திருகியிருந்த பித்தளைக் குமிழ். உள்ளே இருக்கும் அழுத்தத்தை ஒயர் வழியாக மீட்டருக்குச் சொல்வது அதுதான். நோயல் ஒயரைப் பிடுங்கினான். முள் விழுந்தது. மாட்டினான். மறுபடி நாற்பது. பழைய யூனிட்டைக் கழற்றிவிட்டு, ஜே.சி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வாங்கிவைத்திருந்த புது யூனிட்டைப் போட்டான்.

நாற்பது.

"பழசைக் கழுவிப் புதுசுன்னு தலையில கட்டிட்டான் கடைக்காரன்."

"அண்ணே, வீட்டுக்குப் போலாம். நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாளைக்குக் காலையில இஞ்சினியர் வர்றாரு. படகு ஓடுச்சுன்னா எனக்கு பர்மனென்ட். ஓடலைன்னா மறுபடி மூட்டை தூக்கணும். நீ ஸ்கூலை விட்டுட்டுப் பீடி சுத்தப் போறியா?"

 அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் காலராவில் போன பிறகு அவளுக்கு இருந்தது இந்த அண்ணன் ஒருவன்தான். ஆகாயத்தாமரை அள்ள அவன் படகில் போகும் நாளெல்லாம், அவன் திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கும்வரை அவளால் எதிலும் மனம் வைக்க முடியாது.

நோயல் பெட்டியிலிருந்து செம்புக் குழாய் வைத்த இன்னொரு மீட்டரை எடுத்தான். யூனிட்டைக் கழற்றி, அந்தத் துளையில் குழாயை நேராகத் திருகினான்.

"இதுக்கு ஒயரும் கிடையாது, கரண்டும் கிடையாது. இதுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

இருவரும் குனிந்து பார்த்தார்கள். தகரத்தில் மழை இடைவிடாமல் இரைந்துகொண்டிருந்தது, படகின் அடிப்பலகையில் ஏரித்தண்ணீர் யாரோ உள்ளங்கையால் தட்டுவதுபோல மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது, ஆறிக்கொண்டிருந்த என்ஜினின் இரும்புக்குள் எங்கோ ஆழத்தில் சின்னதாக ஒரு சொடக்குச் சத்தம் வந்து வந்து அடங்கியது. முள் நாற்பதுக்கு ஏறியது. நிற்கவில்லை. ஒரு கோடு மேலே போனது, ஒரு கோடு கீழே வந்தது. மேலே, கீழே.

ஜோசஃபின் முள்ளைப் பார்த்தாள். பிறகு, எதனாலோ, அண்ணனின் கழுத்தைப் பார்த்தாள். அங்கே ஒரு நரம்பு துடித்துக்கொண்டிருந்தது.

முள்ளும் நரம்பும் ஒன்றாகத் துடித்தன.

"அண்ணே."

"என்ன?"

"அது உன்கூடத் துடிக்குது."

"நக்கோ, வேணாம் ஜோசி, சும்மா பயமுறுத்தாதே." சொல்லிக்கொண்டே அவன் ஸ்பேனரை இழுத்தான். அது வழுக்கி, விரல் முட்டி இரும்பில் மோதித் தோல் உரிந்தது. கெட்ட வார்த்தையில் கத்தினான். முள் அறுபதுக்குத் துள்ளியது. அவன் கையை உதறி, ஊதி, மூச்சு வாங்கி அடங்க அடங்க, அதுவும் மெல்ல இறங்கி நாற்பதுக்கு வந்தது.

இந்தத் தடவை அவனும் பார்த்தான்.  பிறகு, பயந்துவிட்டோம் என்று தங்கைக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்பதுபோல, அவசரமாக மீட்டரைக் கழற்றிப் பலகையில் வீசினான்.

"மீட்டரெல்லாம் குப்பை. விரலுக்குத்தான் தெரியும்."

அந்தப் பக்கத்து மெக்கானிக்குகள் எல்லோரும் செய்வதுதான். யூனிட் இருந்த துளையில் கட்டைவிரலை அழுத்திவைத்துக்கொண்டு, இன்னொருவரை ஹேண்டிலால் என்ஜினைச் சுற்றச் சொல்வார்கள். உள்ளே பம்பு சரியாக இருந்தால் எண்ணெய் விரலைத் தள்ளிக்கொண்டு பீறிடும்.

"லீவரைத் தூக்கிக் கம்ப்ரஷனை விட்டுட்டேன், ஹேண்டில் லேசாத்தான் இருக்கும். சுத்து."

"எனக்கு வேண்டாம்ணே."

"நாலு சுத்து சுத்துடி. முடிஞ்சதும் போயிடலாம். சத்தியமா."

அவள் படகுக்குள் இறங்கி இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்தாள். இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ இப்போதுதான் பிடித்துவிட்டுக் கையெடுத்ததுபோல. சுற்றினாள். உள்ளே எதுவோ சளசளவென்று நகர்ந்தது. மறுபடி சுற்றினாள்.

"தள்ளுதாண்ணே?"

அவன் துளையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, தள்ளுதா?"

"இழுக்குது," என்றான்.

அவள் சுற்றுவதை நிறுத்தினாள். ஹேண்டில் நிற்கவில்லை.

அது அவள் கையைப் பிய்த்துக்கொண்டு சுழன்றது. ஒரு சுற்றில் அவள் வலது முன்கையில் அறைந்தது. எலும்பு முறிந்த சத்தம் மழையை மீறிக் கேட்டது. அவள் பலகையில் போய் விழுந்தாள்.

நோயல் அலறினான்.

பென்சில் பருமன்கூட இல்லாத துளை. அதற்குள் அவன் கட்டைவிரல் முதல் கணுவரை போயிருந்தது. நகம் மட்டும் பெயர்ந்து வெளியே ஒட்டிக்கொண்டிருந்தது. தோல் சுருண்டு மணிக்கட்டுப் பக்கம் ஒதுங்கியது. அவன் காலை என்ஜினில் ஊன்றி இழுத்தான். இரண்டாவது கணு. படக். உள்ளங்கை, மடிக்கும் காகிதம்போல, நடுவில் மடிந்தது. சுண்டுவிரல் பின்பக்கம் வளைந்தது. படக். படக்.

"வெட்டு! ஜோசி! வெட்டுடி!"

படகை ஒட்டிய சுவரில் ஆகாயத்தாமரை அறுக்கும் அரிவாள். எடுத்தாள். இடது கை. முதல் வெட்டு பக்கத்து இரும்பில் பட்டுத் தெறித்தது. இரண்டாவது இறங்கியது. போதவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாவது.

அவன் மல்லாந்து விழுந்தான்.

என்ஜின் நின்றது.

துளையைச் சுற்றிச் சிவப்பாகக் கசிந்தது. விட்டு விட்டுக் கசிந்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தாமதித்து. பிறகு நின்றுவிட்டது.

அவள் பாவாடையைக் கிழித்து அண்ணனின் மணிக்கட்டைக் கட்டப் போனாள். கட்டுவதற்கு அங்கே ரத்தம் இல்லை. வெட்டுவாயிலிருந்து கறுப்பாக, கெட்டியாக, சூடாக எதுவோ வழிந்து அவள் மடியில் இறங்கியது. முகர வேண்டிய அவசியமே இல்லை. கொட்டகை முழுக்க அந்த வாடைதான். என்ஜின் ஆயில்.

"அண்ணே."

அவன் கண்கள் திறந்திருந்தன. மார்பு அசையவில்லை.

"அண்ணே! கோவிந்தப்பா தாத்தா! யாராவது வாங்க!"

தகரத்தில் மழை. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. எழுந்து ஓடப் பார்த்தாள். ஆயிலில் கால் வழுக்கி, முறிந்த கையோடு ஹேண்டிலின் மேல் விழுந்தாள். ஹேண்டில் அவள் கனத்தில் அரைச் சுற்றுச் சுற்றியது.

நோயலின் மார்பு உயர்ந்தது.

பாதியில் நின்றது.

அவள் அவனைப் பார்த்தாள். ஹேண்டிலைப் பார்த்தாள். இடது கையால் பிடித்து மீதி அரைச் சுற்றைச் சுற்றினாள். அவன் மார்பு இறங்கியது. வாயிலிருந்து மூச்சு வந்தது.

இன்னொரு சுற்று. இன்னொரு மூச்சு.

கையை எடுத்தாள். மூச்சு நின்றது. அவன் உதடு நீலம் பாரித்தது. அவள் பாய்ந்து மறுபடி பிடித்தாள். சுற்றினாள். சுற்றினாள். அவன் உதடு அசைந்தது.

"விடா..."

சுற்றினாள்.

"...தே ஜோ..."

சுற்றினாள்.

"...சி."

வெளியே ஏரி தெரியாத அளவுக்கு இருட்டிவிட்டது. ஹேண்டில் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது. அவள் உள்ளங்கையில் கொப்புளம் எழும்பி, உடைந்து, தோல் இரும்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. அவள் சுற்றிக்கொண்டிருந்தாள். நோயல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். இமைக்காமல் அவள் தோளையே பார்த்துக்கொண்டிருந்தான், அது நடுங்க ஆரம்பித்திருந்தது.