முப்பத்தெட்டாம் இடம்

செவ்வாயின் தென்பாதியில் பெரும்புழுதிப் பருவம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. மழையறியா அந்நிலத்துக்குக் காரும் இல்லை, கூதிரும் இல்லை. முதலில் தொடுவானம் கலங்கும். பின்பு மலைகள் ஒவ்வொன்றாகக் காவி உடுத்துத் துறவு பூணும். பகலவன் தேய்ந்த செப்புக்காசாகச் சிறுத்து நிற்பான். மாலையில் அவன் இறங்கும் போழ்தில் மட்டும் அவனைச் சுற்றி ஒரு நீலம் படரும், ஆலம் உண்ட இறைவனின் மிடற்றைப் போல. அந்நாட்களில் புதுப்பொருநைக் குடியிருப்பின் கண்ணாடிக் கவிகைக்குள் வாழும் மாந்தர் காரணமின்றியே குரல் தாழ்த்திப் பேசுவார்கள். ஐந்து திங்கள் அப்படித்தான் கழியும்.

அப்பருவத்தின் முதற்காலையில், உலகம்மை என்னும் ஐந்து வயதுச் சிறுமி வானியலும் மருத்துவமும் இலக்கணமும் முற்றக் கற்றவளாய்க் கண்விழித்தாள்.

அதில் வியப்பொன்றும் இல்லை. ஐந்தாண்டு நிறையும் இரவில் குடியிருப்பின் ஒவ்வொரு குழந்தைக்கும் துயில்பாடத் தொப்பி சூட்டப்படும். மெல்லிய இழைகள் உச்சந்தலையைத் தொட்டிருக்க, மாந்தகுலம் இதுவரை சேர்த்த அறிவு முழுவதும் விடிவதற்குள் உள்ளே இறங்கிவிடும். ஆளுநர் பிள்ளைக்கும் அதுவே, குழாய் பழுதுபார்ப்பவர் பிள்ளைக்கும் அதுவே. ஒரு துளி கூடவும் கூடாது, குறையவும் குறையாது.

“என்ன மக்கா, எல்லாம் வந்துட்டா?” என்று கேட்டபடியே தாய் வடிவம்மை தொப்பியைக் கழற்றினாள்.

“வந்துட்டும்மா. ஒளி எம்புட்டு வேகத்துல போகும்னு தெரியுது. என் செருப்பு எங்க கெடக்குன்னுதான் தெரியல.”

வடிவம்மை சிரித்தாள். ஆனால் அவள் நெஞ்சுக்குள் ஒரு கவலை நாள்கணக்கில் குடியிருந்தது. இந்தப் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

கற்றுமுடித்த பிள்ளைக்குப் பள்ளி எதற்கு என்று நம் காலத்தவர் கேட்கக்கூடும். அவரைவிதை முளைக்கும் முறையைத் தொப்பி சொல்லித் தந்துவிடும். அந்த விதைக்கு நாள் தவறாமல் நீர் ஊற்றும் பொறுமையை அதனால் தர முடியாது. சண்டையிட்டவனோடு மறுநாள் எப்படிப் பேசுவது என்பதும் தூக்கத்தில் வருவதில்லை. அவற்றுக்காகவே குடியிருப்பு ஊர்ப்பள்ளியை நடத்திவந்தது. பிள்ளைகள் அங்கே செம்மண்ணைக் கிளறினார்கள், பாடினார்கள், முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள், பிறகு சேர்ந்து உண்டார்கள். தேர்வு மட்டும் கிடையாது. எந்தக் கேள்விக்கும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே விடை சொல்லும்போது யாரை முதல்வன் என்பது?

சில பெற்றோருக்கு அதுவே பெருங்குறையாகப் பட்டது. அவர்களுக்காக எழுந்ததுதான் கவிகையின் மேற்கு முனையில் நின்ற மேன்மைக் கல்விக்கூடம் என்னும் தனியார் பள்ளி. அங்கே ரேங்க் உண்டு.

வடிவம்மையின் கணவன் கோமதிநாயகம் பனிநீர்க் குழாய்களைப் பழுதுபார்ப்பவன். அவனுடைய அண்ணன் மனைவி செண்பகம், புழுதி பிடித்த முதல் நாளே நலம் விசாரிக்கும் சாக்கில் வந்து உட்கார்ந்தாள்.

“எங்க ஆவுடையப்பன் இந்த மாசமும் மொத ரேங்க்கு வடிவு. போன மாசமும் அவந்தான்.”

“அதுக்கு முந்தின மாசம் அக்கா?”

“அப்பமும் அவந்தான்!”

“அப்ப ரெண்டாவதா வாற புள்ள?”

“அது எப்பமும் ரெண்டாவதுதான். அங்க எல்லாம் ஒரு ஒழுங்கு பாத்துக்க.” செண்பகம் குரலைத் தாழ்த்தினாள். “ஒரே ஒரு எடம் காலியா இருக்காம். நாளைக்கே போயிருங்க. புள்ளைய ஊர்ப்பள்ளியில போட்டு மண்ணைக் கிண்ட விட்டுராதீங்க.”

கோமதிநாயகத்தின் முகம் மலர்ந்தது. திருவிழாக்களில் அண்ணன் வீட்டார் மகனின் ரேங்க்கைச் சொல்லும் ஒவ்வொரு முறையும், கைக்குட்டையை மடித்து மடித்து விரித்தவன் அவன். வடிவம்மைக்கும் ஆசை இல்லாமல் இல்லை. பெற்ற பிள்ளை ஓர் அடி முன்னே நின்றால் எந்தத் தாய்க்குக் கசக்கும்?

மறுநாள் மூவரும் மேன்மைக் கூடத்துக்குப் போனார்கள். பளபளக்கும் அறையொன்றில் தலைமைப்பொறி மூன்று சக்கரங்களில் உருண்டு வந்து வணங்கியது. கனிவாகப் பேசவும் கணக்காக நடக்கவும் அறிந்த எந்திரம் அது. பொய் சொல்லும் உறுப்பு மட்டும் அதற்குப் பொருத்தப்படவில்லை.

“தங்கள் மகளுக்கு இங்கே இடம் உண்டு. முப்பத்தெட்டாம் இடம்.”

“ரோல் நம்பருங்களா?” என்றான் கோமதிநாயகம்.

“இல்லை ஐயா. அதுவே அவளுடைய ரேங்க்.”

“இன்னும் சேரவே இல்லையே. பரீட்சையும் வைக்கல,” என்றாள் வடிவம்மை.

“தொடக்கத்தில் வைத்தோம் அம்மா. எல்லாரும் முழு மதிப்பெண் பெற்றார்கள். பெற்றோர் மிகவும் வருந்தினார்கள். எப்படியாவது ரேங்க் வேண்டும் என்று எழுதிக் கேட்டார்கள். ஆகவே, சேர்ந்த வரிசையையே ரேங்க்காக வைத்துக்கொண்டோம். மூன்றாண்டுகளாக ஒரு புகாரும் இல்லை.”

“முன்னால முப்பத்தெட்டாவதா இருந்த புள்ள?”

“அதன் குடும்பம் வடதுருவத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அன்றுமுதல் முப்பத்தேழாம் பிள்ளையின் தாய் நாள்தோறும் இங்கே வந்து அழுகிறார். ஆகவே இந்த ஓர் இடத்துக்கு மட்டும் கட்டணம் இல்லை. சீருடை, வண்டி, மதிய உணவு யாவும் இலவசம். ஏனைய பெற்றோர் மனமுவந்து ஏற்றுக்கொண்ட ஏற்பாடு இது.”

“இவ நல்லாச் செஞ்சா மேல வருவாளா?”

“ஒருவர் ஏற வேண்டுமானால் இன்னொருவர் இறங்க வேண்டும். இறங்குவதற்கு ஒப்பிய பெற்றோர் இதுவரை இல்லை.”

கோமதிநாயகம் மனைவியைச் சாளரத்தருகே இழுத்துப்போனான். “ஏட்டி, சும்மா கெடைக்கு. கடைசின்னாலும் மேன்மைக் கூடத்துல கடைசி. எத்தனாவதுன்னு வெளிய யாரு கேக்கப் போறா?”

“உங்க செண்பக மைனி கேப்பாவ.”

அவன் கைக்குட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினான். வடிவம்மை பொறியிடம் திரும்பினாள். “ரேங்க்க எப்பிடிச் சொல்லுவீங்க?”

“மாதந்தோறும் அவையில் பெயர்களை வாசிப்போம். கடைசிப் பெயருக்கே கைத்தட்டல் மிகுதி.”

“அது ஏன்?”

“அது தம் பிள்ளையின் பெயர் இல்லையே என்ற நிம்மதி, அம்மா.”

அதுவரை தரையில் குந்தியிருந்த உலகம்மை பொறியின் காலடியிலிருந்து தலையை நீட்டினாள். “அம்மா, இந்த ஐயாவுக்கு ஒரு சக்கரம் கிரீச்சுங்கு. எண்ணெ இல்லாம நடந்து நடந்து தேஞ்சிருக்கு. நான் போட்டு விடட்டா?”

தலைமைப்பொறி முதன்முறையாகத் தயங்கியது. “இதை இங்கே யாரும் கேட்டதில்லை,” என்றது.

வடிவம்மைக்கு அந்தக் கணத்தில் எல்லாம் தெளிந்தது. அவள் மகளின் கையைப் பற்றி எழுப்பினாள். “மன்னிச்சிக்கிடுங்க. வேணும்னா எம்புள்ள வந்து எண்ணெ போட்டுட்டுப் போவா. உங்களுக்குக் கடைசி ஆளா நிக்க மாட்டா.” அன்றே, நேரே ஊர்ப்பள்ளிக்குப் போய் மகளைச் சேர்த்தாள். புதிய பருவத்தின் பேரேட்டில் ஒரு பெயரும் அதுவரை ஏறியிருக்கவில்லை.

அதன் பிறகு நிகழ்ந்ததை எவரும் எதிர்பார்க்கவில்லை. ‘முப்பத்தெட்டாம் இடத்துக்கு ஆளில்லை’ என்ற செய்தி பரவியது. இனி நிரந்தரமாகத் தம் பிள்ளையே கடைசி என்றறிந்த முப்பத்தேழாம் பிள்ளையின் பெற்றோர் ஒரே வாரத்தில் அவனை நீக்கினார்கள். அதனால் முப்பத்தாறாம் பிள்ளை கடைசியானான். அவன் தந்தை மூன்று நாள் பொறுத்தார். நான்காம் நாள் சான்றிதழை வாங்கிக்கொண்டார். அடியில் ஒரு கல்லை உருவிய மதில்போல அந்தப் பள்ளி கீழிருந்து மேலாகச் சரிந்தது. பதினைந்தாம் ரேங்க் பெற்றோர் தாங்கள் உறுதியாக நிற்கப்போவதாக அறிவித்தார்கள். பதினாறாம் பிள்ளை போன மறுநாள் அவர்களையும் காணவில்லை. புழுதி அடங்கும் தறுவாயில் மேன்மைக் கூடத்தின் பேரவையில் ஒரே ஒரு மாணவன் உட்கார்ந்திருந்தான். தலைமைப்பொறி முறை வழுவாமல் பெயர் வாசித்தது: “முதல் இடம், ஆவுடையப்பன். கடைசி இடம், ஆவுடையப்பன்.”

சிறுவன் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது, செண்பகம் இரண்டாவது வாக்கியத்தை மட்டுமே கேட்டாள்.

மறுநாள் காலை ஊர்ப்பள்ளி வாயிலில் பெருங்கூட்டம். ஒருவர்பின் ஒருவராக வந்துசேர்ந்த முப்பத்தேழு பிள்ளைகளின் பெற்றோரும் ஆசிரியையின் பேரேட்டைச் சுற்றி மொய்த்து, தம் பிள்ளையின் பெயர் எத்தனையாவதாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். இறுதியாக எழுதப்பட்ட பெயர் ஆவுடையப்பன். செண்பகம் முகம் சிவக்க, விரலால் மேலிருந்து கீழே தடவிப் பார்த்தாள்.

“இதுல மொதப் பேரு யாரு?” என்றாள்.

“எங்க உலகுதான் அக்கா!” என்றாள் வடிவம்மை. “பருவம் பொறந்த மறுநாளே சேந்தவ. இவ பேருக்குப் பின்னாலதான் எல்லாப் பேரும்!”

குரல் அவளை அறியாமலே உயர்ந்திருந்தது. கோமதிநாயகம் வாய்விட்டுச் சிரித்தான். “கேட்டீயளா மைனி? இங்கயும் ஒரு மொத ரேங்க்கு வந்தாச்சு.”

வடிவம்மை நாக்கைக் கடித்துக்கொண்டாள். காதுமடல் சுட்டது. நூற்றாண்டுகளுக்கு முன் பூமியை விட்டுப் புறப்பட்ட கலங்களில் விதையும் மருந்தும் வந்தது போலவே இந்த முந்திநிற்கும் ஆசையும் வந்திருக்கிறது என்றும், எந்தத் தொப்பியும் ஊட்டாமலே இது தன்னிடம் பதிந்திருக்கிறது என்றும் அவளுக்குத் தோன்றியது. பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. செண்பகமும் வேறு வழியின்றிச் சிரித்தாள்.

அதற்குள் பிள்ளைகள் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு தோட்டத்துப் பக்கம் ஓடினார்கள். வாயிற்சுவரில் கையகல மாடம் ஒன்று. அதனுள் பூமியிலிருந்து கொணர்ந்த கருங்கல்லில் அம்மை நின்ற திருக்கோலம். வடிவம்மை கூட்டத்தை விட்டு விலகி மாடத்தின் முன் போய் நின்றாள். அங்கிருந்த திருநீற்றுத் தட்டை இடக்கையில் ஏந்தி, கண்களை இறுக மூடி, நீறெடுத்த வலக்கை விரல்களை முன்னே நீட்டினாள். ஓடிக்களைத்துத் திரும்பிய பிள்ளையின் நெற்றி ஒன்று வந்து விரலில் முட்டியது. பூசினாள். அடுத்தது வந்தது. எது தன் மகளுடையது, எது ஆவுடையப்பனுடையது என்று அவள் கண்திறந்து பார்க்கவில்லை. முந்தியது எது பிந்தியது எது என்பதையும் அறிய விரும்பவில்லை. வந்த நெற்றிக்கெல்லாம் நீறிட்டு, தட்டு ஒழிந்தபின் மெல்லச் சொன்னாள்:

“ஆயுசோட, அறிவோட, கூட்டாளியளோட நல்லா இருங்க மக்கா.”