பனியில் தடமில்லாத கார்

“காரைக் காணோம் சார்! அதாவது, காரோட கூடு. சேஸிஸ், எஞ்சின் எல்லாம் அப்படியே நிக்குது. சட்டையை மட்டும் உருவிட்டுப் போன மாதிரி!”

காப்பீட்டுத் துப்பறிவாளர் லார்ட்டரைக் கொட்டகை வாசலிலேயே மடக்கிக்கொண்டார் காலின் உட்டிங். இங்கிலாந்தின் நார்ஃபோக்கில், பழைய கோழிப்பண்ணை ஒன்றில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டி விற்கத் துணிந்தவர். கட்டியது ஒன்று, விற்றது பூஜ்யம். நாளைக் காலை லண்டனிலிருந்து மோட்டார் பத்திரிகை நிருபர் வருகிறார். பழைய விமானத் தளத்தில் நூற்றிருபது மைல் வேகத்தில் உட்டிங்கே ஓட்டிக் காட்டுவதாக ஏற்பாடு. நிருபர் நாலு வரி நல்லதாக எழுதினால் ஆர்டர் வரும். இல்லையென்றால் கொட்டகைக்கு மறுபடி கோழிகள்தான்.

“போட்டிக் கம்பெனிக்காரன் வேலை சார். வேனோட வந்திருக்கான்!” என்று லார்ட்டரின் உதவியாளர் டோரிஸ் நோட்டைத் திறந்தாள்.

“வேன் பறந்து வந்துச்சாம்மா?” என்றார் லார்ட்டர்.

டோரிஸ் தரையைப் பார்த்தாள். கணுக்கால் அளவு பனி. நேற்று மூன்று மணிக்கே கொட்டி ஓய்ந்தது. நாலு மணிக்கு உட்டிங் கிளம்பும்போது கூடு உள்ளே இருந்தது. இவர்கள் வந்த தடம் போக, பனியில் உட்டிங்குடைய காலடியும் இரண்டு சைக்கிள் தடமும்தான். சைக்கிள்கள் கூச், மேவிஸ் தம்பதியுடையவை. அச்சில் கண்ணாடியிழையும் பிசினும் பூசிக் கூடு வார்ப்பவர்கள் அவர்கள்தான். ஐந்து மணிக்குப் பூட்டியதும் அவர்கள்தான்.

உள்ளே இருவரும் மேஜையருகே நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

“சும்மா ஊதுனா விரல் சூடாகுமா? வேலையைப் பாரு” என்றாள் மேவிஸ்.

“நீ பேசுற சூட்டுல பனியே உருகுது, போதும்டி!”

எதிர் மூலையில், கவிழ்த்த படகைப்போல அச்சு, சாக்குகள் போர்த்திக் கிடந்தது. அதன் பக்கத்தில் மண்ணெண்ணெய் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. டோரிஸ் பரண்மீதும் பீப்பாய்களின் பின்னாலும் தேடிவிட்டுத் தூசியோடு திரும்பினாள்.

“மிஸ்டர் உட்டிங், இந்த அச்சைத் தூக்க எத்தனை பேர் வேணும்?” என்று கேட்டார் லார்ட்டர்.

“ரெண்டு பேர் போதும்.”

“வாங்க, தூக்குவோம்.”

இருவரும் முக்கினார்கள். அச்சு அசையவில்லை.

“மெதுவா சார்! கீறல் விழுந்துடும்!” என்று பதறினார் கூச்.

“எதுல?”

கூச்சின் பார்வை மேவிஸிடம் ஓடியது.

“ஆளுங்க அங்கே நடுங்குறாங்க, ஹீட்டர் இங்கே எரியுது” என்றார் லார்ட்டர் நிதானமாக. “வெற்று அச்சுக்கு எதுக்குக் குளிர்காயணும்? திருடன்னா கூட்டை வெளியே கொண்டுபோயிருப்பான், தடம் இருக்கும். கெடுக்க நினைச்சவன்னா உடைச்சிருப்பான். இது அக்கறை உள்ளவங்க வேலை. பிறந்த இடத்துலயே திரும்ப வெச்சு, இரும்புக் கவ்வி போட்டு இறுக்கியிருக்காங்க.”

நால்வராகப் புரட்டினார்கள். அச்சுக்குள், விளிம்பில் சிவப்பாக, கூடு. பிசின் நெடி மூக்கைத் துளைத்தது. டோரிஸ் உள்பக்கத்தில் கட்டைவிரலை அழுத்தினாள். ஈரத் தோல்போல அமுங்கியது.

“மூணு தடவை சொன்னேன்!” மேவிஸ் வெடித்தாள். “ஒரு வாரம் அச்சுல இருக்கணும்னு. ரெண்டாம் நாளே உருவினீங்க. இந்தக் குளிர்ல பிசின் எப்படி இறுகும்?”

“நூத்திருபதுல காத்து அடிச்சா கூடு பிஞ்சு போயிடும் சார்” என்றார் கூச். “கூடவே உங்க தலையும்.”

லார்ட்டர் காப்பீட்டுப் படிவத்தை நீட்டினார். “திருட்டுன்னு எழுதணுமா?”

உட்டிங் படிவத்தை வெறித்தார். திருட்டு என்றால் அனுதாபம், செய்தி, அவகாசம் எல்லாம் உண்டு. மெல்ல நடந்து தொலைபேசியை எடுத்து நிருபரை அழைத்தார்.

“கார் இன்னும் வேகலை, பிசின் இறுகணும். நாளைக்கு வராதீங்க... இல்லை, யாரும் காரணமில்லை. அவசரப்பட்டது நான்தான்.”

மறுமுனையில், டோரிஸுக்கே கேட்கும்படி ஒரு சிரிப்பு. “பதினஞ்சு வருஷத்துல எந்தக் கம்பெனிக்காரனும் எங்கிட்ட இப்படிச் சொன்னதில்லைய்யா. எப்போ வரட்டும்?”

உட்டிங் குழலைப் பொத்திக்கொண்டு மேவிஸைப் பார்த்தார்.

“அடுத்த வியாழன்னு சொல்லுங்க” என்றாள் அவள். “அதுக்கு முன்னால அதைத் தொட்டீங்க, கையை ஒடிச்சிடுவேன்.”